அப்பாவுக்கு நடுராத்திரியில் வயிற்றுவலி, நெஞ்சுக்கு இ.சி.ஜி. எடுத்துவிட்டு கேஸ்ட்ரிக் என்கிறார்கள். நம்பலாமா?

குலைலாரி மகள்:

வணக்கம். நாங்கள் மலேசியாவில் ஹிலிர் பேராக் பக்கம் ஒரு தோட்டப் பட்டணத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு 58 வயது, செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறார், இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) இருக்கிறது, மாத்திரை மட்டும்தான், ஊசி இல்லை.

போன வாரம் நடுராத்திரியில் திடீரென்று மேல் வயிற்றில் வலி வந்துவிட்டது. நெஞ்செலும்பு முடிகிற இடத்துக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு கட்டிலில் குனிந்து உட்கார்ந்துவிட்டார், பனியன் முழுக்க வேர்வை. அம்மா கோடாலித் தைலம் தடவி, ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார். குடித்த வேகத்தில் வாந்தி. தம்பி காரை எடுத்தான், டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மஞ்சள் பகுதியில் படுக்க வைத்து முதலில் நெஞ்சில் ஒயர் ஒட்டி இ.சி.ஜி. எடுத்தார்கள். அப்புறம் ரத்தம், சிறுநீர். உட்கார வைத்து நெஞ்சு எக்ஸ்ரே. கையில் ஊசி போட்டார்கள், குடிக்க ஒரு வெள்ளை மருந்து. கொஞ்ச நேரத்தில் வலி நன்றாக இறங்கிவிட்டது, ஆனாலும் விடவில்லை, திரும்பவும் இ.சி.ஜி., திரும்பவும் ரத்தம். விடிந்த பிறகுதான் "கேஸ்ட்ரிக் மாதிரி இருக்கிறது" என்று ஓமெப்ரஸோல் கொடுத்து, ஸ்கோப்புக்கு (தொண்டை வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) ஒரு கடிதமும் எழுதி அனுப்பினார்கள்.

எனக்குப் புரியாதது இதுதான். வலி வயிற்றில், பார்த்ததெல்லாம் நெஞ்சை. வயிற்றுக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் கேஸ்ட்ரிக் என்று எப்படிச் சொன்னார்கள்? சரி, கேஸ்ட்ரிக்தான் என்று தெரிந்துவிட்டதென்றால் ஸ்கோப் எதற்கு? அப்பா இப்போது தெம்பாக இருக்கிறார், மறுபடி லாரி ஏறிவிட்டார், "வலிதான் போய்விட்டதே, தொண்டையில் குழாய் விட நான் என்ன மோட்டாரா" என்று கேட்கிறார். அவரிடம் என்ன சொல்லிப் புரிய வைப்பது?

பழைய டிரெஸ்ஸர்:

தங்கச்சி, தோட்ட ஆஸ்பத்திரி என்று ஒன்று இருந்த காலத்தில் அதில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் அப்பாவைப் பார்த்தவர்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கேஸ்ட்ரிக் என்பது நம் ஆட்கள் வீட்டிலேயே முதலில் சொல்லிவிடுகிற வியாதி, எமர்ஜென்சியிலோ அதைக் கடைசியாகத்தான் சொல்ல வேண்டும். நடுத்தர வயது ஆள், இனிப்பு நீர் உள்ளவர், மேல் வயிற்றில் வலி, வேர்வை, வாந்தி என்று வந்து நின்றால் டாக்டருக்கு முதல் பயம் இருதயம்தான். இருதயத்தின் அடிச்சுவர் உதரவிதானத்தின் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசை) மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, அதற்கு நேர் கீழே இரைப்பை. அடிச்சுவருக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்தால் வலி நெஞ்சில் வராமல் மேல் வயிற்றில் வரலாம், கூடவே ஏப்பமும் குமட்டலும் வரும், பார்த்தால் அப்படியே வாயுத் தொல்லை. இனிப்பு நீர்க்காரர்களுக்கு நரம்பு மங்கிப் போயிருப்பதால் மாரடைப்பு வலியே சரியாகத் தெரியாமலும் போகும். அதனால்தான் முதல் வேலையாக இ.சி.ஜி.

இரண்டாவது தடவை ரத்தம் எடுத்தார்களே, அது ட்ரோபோனின் பார்ப்பதற்காக இருக்கும். இருதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கசிகிற ஒரு புரதம் அது. அடைத்த உடனே ஏறாது, சில மணி நேரம் ஆகும். முதல் ரத்தம் நன்றாக இருந்தது என்று அப்போதே அனுப்பியிருந்தால்தான் தப்பு. அந்த வெள்ளை மருந்து, எம்.எம்.டி. என்று எல்லாரும் சொல்வது, அதைக் குடித்ததும் வலி குறைந்ததே, அப்படியானால் இருதயம் இல்லைதானே என்று கேட்பீர்கள். அப்படிக் கணக்குப் போடவே கூடாது. மாரடைப்பு வந்தவர்களுக்குக்கூட அந்த நேரத்தில் அமில மருந்து குடித்து வலி குறைந்த மாதிரி இருந்தது உண்டு. மருந்துக்கு வலி கேட்டது என்பதை வைத்து எந்த வியாதியையும் முடிவு பண்ண முடியாது, வயிற்று வியாதி உட்பட.

அடுத்து எக்ஸ்ரே. வயிற்றுவலிக்கு எதற்கு நெஞ்சைப் படம் எடுத்தார்கள் என்றால், அவர்கள் தேடியது நெஞ்சை அல்ல. இரைப்பையிலோ சிறுகுடலின் ஆரம்பத்திலோ இருக்கிற புண் ஓட்டையாகிப் போனால் உள்ளே இருக்கிற காற்று வெளியே வந்து வயிற்றறையின் உச்சிக்குப் போய்விடும். ஆளை நிமிர்த்தி உட்கார வைத்துக் கொஞ்ச நேரம் விட்டுப் படம் எடுத்தால் உதரவிதானத்துக்கு அடியில் பிறை மாதிரி ஒரு கறுப்புக் கோடு தெரியும். இடது பக்கம் இரைப்பைக் காற்று சாதாரணமாகவே இருக்கும், அதனால் வலது பக்கம், ஈரலுக்கு மேலே கோடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் அன்றைக்கே ஆபரேஷன். இல்லை என்றாலும் முழுதாக விட்டுவிட மாட்டார்கள், சில பேருக்கு ஓட்டை இருந்தும் படத்தில் காற்று தெரியாது, அதற்குத்தான் வயிற்றைத் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்ப்பது. பலகை மாதிரி விறைத்திருந்தால் படம் என்ன சொன்னாலும் சர்ஜனைக் கூப்பிட வேண்டியதுதான்.

ஆக இருதயம் இல்லை, ஓட்டை இல்லை, கணையம் இல்லை, பித்தப்பை மாதிரியும் தெரியவில்லை, மிச்சம் இருப்பது அமிலத் தொல்லை என்றுதான் அந்த டாக்டர் சொல்லியிருப்பார். உங்கள் காதில் விழுந்தது கேஸ்ட்ரிக் என்ற ஒரு சொல் மட்டும். உயிருக்கு உடனே ஆபத்தானவை இல்லை என்று ஆயிற்று, சரி. உள்ளே இருப்பது வெறும் அழற்சியா, புண்ணா, புண் என்றால் எங்கே, எதனால் என்பது ஒன்றும் இன்னும் தெரியாது. அதற்குத்தான் ஸ்கோப்.

காத்துப் பிடிச்ச மாமா:

இவ்வளவு பெரிய கதை எதற்கு. தோட்டத்து ஆட்கள் காலையில் வெறும் வயிற்றில் கோப்பி ஓ (பால் இல்லாத கோப்பி) குடித்துவிட்டுப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடம்) ஓடுவது, பதினோரு மணிக்கு நாசி லெமாக்கை நாலு வாயில் விழுங்குவது, ராத்திரி பத்து மணிக்கு சம்பலோடு ஒரு வெட்டு வெட்டிவிட்டு அப்படியே படுப்பது. காத்து ஏறாமல் என்ன செய்யும்? எனக்கும் வரும், சுக்கு தட்டிப் போட்டு பெருங்காயம் கரைத்துக் குடிப்பேன், ஒரு ஏப்பம் விட்டால் முடிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் இல்லாத வியாதியை எல்லாம் கண்டுபிடிப்பார்கள்.

இரவு ஷிப்ட் மிசி:

மாமா, சுக்குக் கஷாயம் குடித்து சரியானவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள், சரியாகாதவர்கள்தான் எங்களிடம் வருகிறார்கள், ஆனால் எப்போது வருகிறார்கள் என்பதுதான் பிரச்சினை. நான் அவசரப் பிரிவில் நர்ஸாக வேலை செய்கிறேன் (எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன்). வலி ஆரம்பித்தது சாயங்காலம், வந்து சேர்வது மறுநாள் காலை. நடுவில் ஓமம், கோடாலித் தைலம், 'ஈனோ' உப்பு ஒரு பாக்கெட், அப்புறம் வலி தாங்காமல் அலமாரியில் கிடந்த 'போன்ஸ்தான்' வலி மாத்திரை இரண்டு. இந்தக் கடைசி ஐட்டம்தான் எனக்குக் கோபம் வருவது. மாதவிடாய் வலிக்கு வாங்கி வைத்தது, பல் வலிக்குக் கொடுத்தது என்று எல்லார் வீட்டிலும் அந்த மாத்திரை இருக்கிறது, வலி மாத்திரைதானே என்று வயிற்று வலிக்கும் போட்டுவிடுகிறார்கள். போன்ஸ்தான், வோல்தாரன், புரூஃபன் எல்லாம் ஒரே குடும்பம். இரைப்பையின் உள்சுவரில் தன் அமிலமே தன்னை அரிக்காமல் காக்கிற ஒரு வழவழப்புப் பூச்சு இருக்கிறது, அது ஊறுவதற்குத் தேவையான பொருளை இந்த மாத்திரைகள் உண்டாக விடாது. புண் இருக்கிற வயிற்றில் இதைப் போட்டால் ரத்தம் கசியும், ஓட்டை விழும். அந்த நேரத்துக்குப் பனடால் போடுவது எவ்வளவோ மேல், அதுவும் அளவோடு, ஈரல் நோய் இல்லாதவராக இருந்தால்.

ஒரு ஆள் கேட்டார், மாத்திரையாக விழுங்கினால்தானே வயிற்றைக் கெடுக்கும், கிளினிக்கில் வோல்தாரன் ஊசியாகப் போட்டுக்கொண்டால் ஒன்றும் ஆகாதே என்று. ஆகும். மாத்திரை சுவரில் பட்டு உரசுவது கொஞ்சம்தான், பெரிய சேதம் ரத்தம் வழியாகத்தான் நடக்கிறது. பின்புறம் ஊசியாகப் போட்டாலும் போய்ச் சேருகிற இடம் அதேதான்.

எங்கள் வேலை முறையைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன், நிறைய பேர் கவுண்டரில் சண்டை போடுகிறார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பது யார் முதலில் வந்தார்கள் என்பதைப் பார்த்து அல்ல. வயிற்று வலி என்று வருகிறவரின் நாடி, பிரஷர், மூச்சு, ஆக்ஸிஜன், சர்க்கரை பார்த்து, முகத்தைப் பார்த்துத்தான் பிரிப்போம். வெளுத்துப் போய், வேர்த்து, பிரஷர் இறங்கியிருந்தால் சிவப்புக்கு நேராக. கையை வயிற்றில் வைத்துக்கொண்டு நடந்து வந்து ஃபோன் பேசுகிறவர் பச்சையில் காத்திருக்க வேண்டியதுதான், அவருக்கும் வலி உண்மைதான், ஆனாலும் காத்திருக்கலாம். காத்திருக்கும்போது வலி மாறினால், கூடினால், தலை சுற்றினால் சும்மா உட்கார்ந்திருக்காமல் வந்து சொல்லுங்கள், திரும்பவும் பார்ப்போம்.

அப்புறம் வலி எப்படி ஆரம்பித்தது என்று யோசித்து வைத்துக்கொண்டு வாருங்கள், டாக்டருக்குப் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். முதுகுக்கு ஊடுருவுகிறதா, குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலாம் என்று இருக்கிறதா, அப்படியானால் கணையத்தைப் பார்ப்பார்கள், அதுவும் முந்தின நாள் சம்சுவோ (மலிவு சாராயம்) பீரோ நிறைய உள்ளே போயிருந்தால். வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள், நாங்கள் போலீஸ் இல்லை. கொழுப்பாகச் சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுத்து தோள்பட்டைக்குப் போகிறது என்றால் பித்தக்கல். தொப்புளைச் சுற்றி மந்தமாக ஆரம்பித்து, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொண்டது என்றால் குடல்வால். அந்த முதல் கட்டத்தில் அதுவும் அசல் கேஸ்ட்ரிக் மாதிரிதான் இருக்கும், அதனால்தான் வீட்டுக்கு அனுப்பும்போதுகூட வலி இடம் மாறினால் திரும்பி வாருங்கள் என்று சொல்வோம். பிள்ளை பெறுகிற வயதில் உள்ள பெண் என்றால் சிறுநீரில் கர்ப்பம் பார்க்காமல் விட மாட்டோம், திருமணம் ஆகவில்லை என்று அம்மா பக்கத்தில் நின்று முறைத்தாலும் பார்ப்போம், கருக்குழாயில் கரு தங்கி வெடித்தால் உயிர் போய்விடும்.

நம் நாட்டில் இன்னொன்றும் இருக்கிறது. காய்ச்சல் வந்து மூன்று நாலு நாள் கழித்துக் காய்ச்சல் இறங்குகிற நேரத்தில் வயிற்றுவலியும் விடாத வாந்தியும் வந்தால் அது டெங்கியின் அபாய அறிகுறி. சாப்பிடாமல் கிடந்ததால் கேஸ்ட்ரிக் ஏறிவிட்டது என்று வீட்டில் வைத்துப் பார்க்கிறார்கள். தயவு செய்து வைக்காதீர்கள்.

ஸ்கோப் பார்த்தவள்:

அக்கா, உங்கள் அப்பாவைப் போலத்தான் என் வீட்டுக்காரரும் ஸ்கோப் வேண்டாம் என்று குதித்தார். கடைசியில் பார்த்தோம், சிறுகுடல் ஆரம்பத்தில் புண், கூடவே எச். பைலோரி கிருமி. அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், படித்து அப்பாவுக்குச் சொல்லுங்கள்.

காரம் சாப்பிட்டுத்தான் வயிற்றில் புண் வருகிறது, கவலைப்பட்டுத்தான் வருகிறது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது, டாக்டர்களே அப்படித்தான் நினைத்தார்கள், அமிலத்தில் எந்தக் கிருமியும் உயிரோடு இருக்காது என்று. 1982-ல் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரண்டு டாக்டர்கள் இரைப்பைச் சுவரிலேயே குடியிருக்கிற சுருள் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். யாரும் நம்பவில்லை. மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமியைக் கரைத்துத் தானே குடித்து, வாந்தி எடுத்து, இரைப்பையில் அழற்சி வந்ததை ஸ்கோப்பில் காட்டினார். (அவர் மனைவி என்ன சொல்லியிருப்பார் என்றுதான் எனக்கு யோசனை.) 2005-ல் இரண்டு பேருக்கும் நோபல் பரிசு. இப்போது புண்ணுக்கு முக்கியக் காரணம் இரண்டு என்று எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள், ஒன்று இந்தக் கிருமி, இன்னொன்று மிசி சொன்ன வலி மாத்திரைகள். இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சம்பல் புண்ணை உண்டாக்காது, இருக்கிற புண்ணில் எரிச்சலைக் காட்டும், அவ்வளவுதான்.

இதில் நம் ஆட்கள் கவனிக்க வேண்டியது, மலேசியாவில் செய்த ஆய்வுகளில் இந்தக் கிருமி இந்தியர்களிடமும் சீனர்களிடமும் அதிகமாகவும், மலாய்க்காரர்களிடம் ரொம்பக் குறைவாகவும் இருப்பதாகத் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. விசித்திரம் என்னவென்றால் நம்மிடம் கிருமி இவ்வளவு இருந்தும் இரைப்பைப் புற்றுநோய் சீனர்களிடம்தான் அதிகம். எதனால் என்று பெரிய ஆட்களே இன்னும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

ஸ்கோப்பின்போது ஒரு சின்னத் துணுக்கைக் கிள்ளி எடுத்து ஒரு மஞ்சள் ஜெல்லியில் போடுவார்கள், கிருமி இருந்தால் அது சிவப்பு நிறமாக மாறும். இருந்தால் இரண்டு வகை ஆன்டிபயாட்டிக்கும் அமில மாத்திரையும் சேர்த்து, இவருக்கு 14 நாள் கொடுத்தார்கள். வாயெல்லாம் கசப்பு, வயிறு கலங்கும், பாதியில் நிறுத்தச் சொல்லும். நிறுத்தவே கூடாது, நிறுத்தினால் அந்த மருந்துக்கே கிருமி பழகிப் போய்விடும். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், வேறு மருந்து கொடுப்பார்கள். முடித்துக் குறைந்தது ஒரு மாதம் கழித்து ஊதிப் பார்க்கிற டெஸ்ட் செய்தார்கள், அதற்கு முன்னால் இரண்டு வாரம் அமில மாத்திரையை நிறுத்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடும்.

குலைலாரி மகள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அப்பாவை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். வலி மாத்திரை என்று வந்த இடத்தில் அம்மா குறுக்கே வந்து ஒன்று சொன்னார், எனக்கே அப்போதுதான் தெரியும். முட்டி வலிக்கு அப்பா பசார் மாலாமில் (இரவுச் சந்தை) ஒரு கப்சூல் வாங்கிச் சாப்பிடுகிறாராம், பல மாதமாக. மூலிகை என்று எழுதியிருக்கிறது, டப்பாவில் ஒரு வேர் படமும் சிங்கம் படமும். சாப்பிட்ட அன்றைக்கே வலி பறந்துவிடுமாம், லாரியில் ஏறி இறங்க அது இல்லாமல் முடியாது என்கிறார். ஆஸ்பத்திரியில் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது இதைச் சொல்லவில்லை, மூலிகைதானே என்று. இதுவும் வயிற்றைக் கெடுக்குமா? இன்றைக்கே தூக்கிப் போட்டுவிடவா?

பழைய டிரெஸ்ஸர்:

தூக்கிப் போடாதீர்கள்! நான் சொல்வதை முதலில் கேளுங்கள்.

சாப்பிட்ட அன்றைக்கே முட்டி வலி பறக்கிறது என்றால் அதில் வேர் மட்டும் இருக்காது. இந்த மாதிரி மூட்டுவலிச் சரக்குகளில் டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீராய்டையும் வலி மாத்திரையையும் இடித்துக் கலந்து விற்பதை நம் சுகாதார அமைச்சு பிடித்துப் பிடித்து எச்சரிக்கை போட்டுக்கொண்டேதான் இருக்கிறது. முறையாகப் பதிவு செய்த மருந்து என்றால் டப்பாவில் மால் (MAL) என்று ஆரம்பிக்கிற பதிவு எண் இருக்கும், ஹோலோகிராம் ஒட்டியிருக்கும். பாரம்பரிய மருந்தாக இருந்தால் எண்ணின் கடைசியில் டி (T) எழுத்து. அந்த எண்ணை மருந்துக் கட்டுப்பாட்டுப் பிரிவின் இணையத்தளத்தில் தட்டிப் பார்க்கலாம், எண்ணையே போலியாக அச்சடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

இப்போது ஏன் சட்டென்று நிறுத்தக்கூடாது என்கிறேன் என்றால், மாதக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு கிடைத்துக்கொண்டிருந்தால் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற சுரப்பி, தான் சுரக்க வேண்டியதை விட்டுவிட்டுத் தூங்கிவிடும். அதில் ஸ்டீராய்டு இருந்து, திடீரென்று நிறுத்தினால் பிரஷர் இறங்கி, வாந்தி எடுத்து, ஆள் சுருண்டு விழுவார், அதிலும் வயிற்றுவலி வரும், மறுபடி கேஸ்ட்ரிக் என்று நினைத்து நீங்கள் ஓமெப்ரஸோல் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். அதனால் டப்பாவோடு, கப்சூலோடு நாளைக்கே அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் டாக்டர் கையில் கொடுங்கள். எப்படி நிறுத்துவது, எவ்வளவு நாளில் என்று அவர் சொல்லட்டும். ஒரு வெள்ளி (ரிங்கிட்) செலவு.

இன்னும் சில கேள்வி கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். அப்பா முகம் சமீபத்தில் உப்பலாக, வட்டமாகத் தெரிகிறதா? மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறதா? தோலில் லேசாகப் பட்டாலே கன்றிப் போகிறதா? மலம் என்ன நிறம்? தார் மாதிரிக் கறுப்பாக, பிசுபிசுப்பாக, ஒரு மாதிரி நாற்றத்தோடு போகிறதா? இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுப்பாகத்தான் போகும், ஆனால் அதில் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இருக்காது.

ஸ்டீராய்டு உள்ளே இருக்கிறவருக்குப் புண் ஓட்டையானாலும் வயிறு பலகை மாதிரி விறைக்காமல், காய்ச்சல் இல்லாமல் இருந்துவிடலாம், அது வலியை அமுக்கிவிடும். அந்தக் கப்சூல் விஷயம் தெரியாமல் கையை வைத்து அமுக்கிப் பார்க்கிற டாக்டர் ஏமாந்து போவார்.

காத்துப் பிடிச்ச மாமா:

சரி சரி, கப்சூல் விஷயம் எனக்குத் தெரியாது, அது போகட்டும். ஒரு சந்தேகம். வயிறு எரிந்தால் நான் ஒரு டம்ளர் குளிர்ந்த பால் குடிப்பேன், உடனே அடங்கும். அதுவும் தப்பா? இந்த ஓமெப்ரஸோல் மாத்திரையை நானும் பார்மசியில் வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தேன், ரெண்டு நாளில் ஒன்றும் கேட்கவில்லை, நிறுத்திவிட்டேன்.

இரவு ஷிப்ட் மிசி:

மாமா வழிக்கு வருகிறார் 😄 பால் குடித்ததும் அடங்கும், உண்மைதான், அந்த நிமிடத்துக்கு அமிலத்தை மட்டுப்படுத்தும். ஆனால் பாலில் இருக்கிற புரதமும் சுண்ணாம்புச்சத்தும் இரைப்பையை இன்னும் சுரக்கச் சொல்லும், கொஞ்ச நேரத்தில் முன்னைவிட எரியும். ராத்திரி பால் குடித்துவிட்டுப் படுப்பவர்கள் விடிகாலையில் எழுந்து உட்காருவது இதனால்கூட இருக்கலாம்.

ஓமெப்ரஸோலை எப்போது சாப்பிட்டீர்கள்? சாப்பாட்டுக்குப் பிறகுதானே? எல்லாரும் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். அமிலத்தைச் சுரக்கிற பம்புகள் சாப்பாடு வரும்போதுதான் விழித்து வேலை செய்யும், விழித்திருக்கிற பம்பைத்தான் இந்த மருந்து பிடித்து மூடும். அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும், பெரும்பாலும் காலைச் சாப்பாட்டுக்கு முன்னால். முதல் நாளிலேயே எல்லாப் பம்பும் மூடாது, முழுப் பலன் தெரிய மூன்று நாலு நாள் ஆகும். உடனே எரிச்சல் அடங்க வேண்டும் என்றால் அதற்கு வெள்ளை மருந்தோ காவிஸ்கானோதான். ஆனால் மாமா, உங்கள் வயதில் புதிதாக எரிச்சல் ஆரம்பித்து, அடிக்கடி வருகிறது என்றால் பார்மசியோடு நிறுத்தாதீர்கள். சாப்பாடு இறங்கக் கஷ்டமாக இருக்கிறதா, சும்மாவே எடை குறைகிறதா, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிரம்பிவிடுகிறதா என்று பாருங்கள். இருந்தால் நீங்களும் ஸ்கோப் வரிசைக்கு வாருங்கள்.

குலைலாரி மகள்:

ஐயா, கேட்டீர்களே. முகம் உப்பலாகத்தான் இருக்கிறது, உடம்பு போட்டிருக்கிறார் என்றுதான் நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம். சர்க்கரையும் போன தடவை கிளினிக்கில் ஏறியிருக்கிறது என்று திட்டினார்களாம். மலம் சாதாரணமாகத்தான் போகிறது என்கிறார், நான் நம்பி என்ன செய்வது, தம்பியைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், அப்பாவுக்குக் கோபம்.

இன்று காலை டப்பாவோடு கிளினிக்குக்குப் போய் வந்தோம். டாக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எண்ணே இல்லை. சட்டென்று நிறுத்த வேண்டாம் என்று சொல்லி ரத்தம் எடுத்து, படிப்படியாகக் குறைக்க வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார், ஸ்கோப் கடிதத்திலும் இந்த விஷயத்தைச் சேர்த்து எழுதினார், தேதியையும் முன்னால் தள்ளிக் கேட்கிறேன் என்றார். அப்பா இப்போது வருகிறேன் என்கிறார், பயத்தில்தான். ஸ்கோப்புக்கு முன்னால் என்ன செய்ய வேண்டும்?

ஸ்கோப் பார்த்தவள்:

குறைந்தது ஆறு மணி நேரம் வெறும் வயிறு, காலையில் என்றால் ராத்திரிச் சாப்பாட்டோடு சரி. கட்டுப்பல் இருந்தால் கழற்றச் சொல்வார்கள். தொண்டையில் மரக்கிற மருந்து அடிப்பார்கள், கொஞ்சம் கசக்கும், எச்சில் விழுங்கத் தெரியாத மாதிரி இருக்கும், அப்போது பயப்படாமல் மூக்கால் மூச்சு விடச் சொல்லுங்கள். தூக்க ஊசி போட்டுக்கொண்டால் அன்றைக்கு லாரி, கார், மோட்டார் எதுவும் ஓட்டக்கூடாது, தம்பியை லீவ் போடச் சொல்லுங்கள். உள்ளே பார்க்கிற நேரம் ரொம்பக் கொஞ்சம்தான், வெளியே வரிசையில் காத்திருப்பதுதான் நீளம், அம்மாவுக்கு ஒரு போர்வை எடுத்துப் போங்கள், ஏர்கோன் குளிர் தாங்காது.

பழைய டிரெஸ்ஸர்:

இனிப்பு நீர் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு போகக் கூடாது, சர்க்கரை இறங்கிவிடும். தேதி கொடுக்கும்போதே அன்றைக்குக் காலை எதைப் போடுவது, எதை நிறுத்துவது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு குறைக்கிற மாத்திரையை மட்டும் அவர்களைக் கேட்காமல் விடாதீர்கள். ரத்தத்தை இளக்குகிற மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் அதையும் சொல்ல வேண்டும்.

நடுவில் மறுபடி வலி வந்தால், வயிறு விறைத்தால், கோப்பித் தூள் மாதிரி வாந்தி எடுத்தால், கறுப்பாகப் போனால், தலை சுற்றி விழப் பார்த்தால் ஸ்கோப் தேதி வரட்டும் என்று இருக்காதீர்கள், 999-க்கு அடியுங்கள். ஆம்புலன்ஸ் தோட்டத்துப் பாதையில் வழி தெரியாமல் சுற்றும், தம்பியை மெயின் ரோட்டு முனையில் மோட்டார் லைட் போட்டு நிற்கச் சொல்லுங்கள். அந்தக் கப்சூல் டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள்.